வாலுக்குப் பின்னால் வலை

பூவரசனுக்கு ஒருவர்மேல் சந்தேகம் வந்துவிட்டால் தொண்டையில் சோறு இறங்காது. திமிரிக்குப் பக்கத்தில் அவனும் மேல்விஷாரத்துத் தபரேஸும் கூட்டாக வெட்டிய இறால் குட்டையில், தீனித் தட்டுக்கு வரும் பெரிய இறால்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கரையில் மாட்டியிருந்த கைவலை அவன் தொடாத நாளிலும் ஈரமாக இருந்தது. அங்கே வந்துபோவது அவன், மனைவி பூர்ணிமா, தபரேஸ். பெண்டாட்டியையா சந்தேகப்படுவான்? பாவம், பள்ளிக்கூட நாளிலிருந்தே தோஸ்தான தபரேஸ் மாட்டினான். கூட்டையே முறித்துவிடுவதென்று முடிவுகட்டிவிட்டான் பூவரசன். ஆனால் கையும் களவுமாகப் பிடிக்காமல் வாயைத் திறப்பதா?

இறால் லேசில் சிக்காது. நிதானமாக இருக்கும்போது வயிற்றடித் துடுப்புக் கால்களால் முன்னால் நீந்தும். பயந்துவிட்டதோ, உடம்பை மடக்கி, வால்நுனி இதழ்களை விசிறியாக விரித்துத் தண்ணீரை ஓர் அடி அடிக்கும், பின்பக்கமாகப் பறந்துவிடும். வலையை வாலுக்குப் பின்னால் வைத்துவிட்டு மூஞ்சியைக் குச்சியால் தொட வேண்டும். இதை அவன் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. தெரிந்தவன் எவனோ அவனே திருடன்.

ஞாயிற்றுக்கிழமை தபரேஸ் வந்ததும், குழம்புக்கு நாலு பிடித்துத் தரும்படி பூவரசன் வலையை நீட்டினான். தபரேஸ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, இறாலின் முகத்துக்கு நேரே வலையைக் கொண்டுபோனான். வால் ஒரு வெட்டு வெட்டியது. வலையில் வெறும் பாசி. மறுபடியும் பாசி. நடிக்கிறானோ என்று பூவரசன் உற்றுப் பார்த்தான். தொடைவரை சேறு, முகமெல்லாம் வேர்வை. சனியன், இவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டீ கொண்டுவந்த பூர்ணிமா சிரித்துவிட்டாள். வலையை வாங்கி வாலுக்குப் பின்னால் பிடித்து, குச்சியால் மீசையைத் தொட்டாள். இறால் தானாக வந்து வலைக்குள் விழுந்தது. புருஷன் பிடிப்பதைக் கரையிலிருந்து தினமும் பார்த்தவள் ஆயிற்றே!

நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

"பெரிய எறா காணோம்னு நீங்க பொலம்பினப்பவே சொல்லியிருக்கணும். நான்தாங்க எடுத்தேன், பாரதிக்கு."

பாரதி அவள் தங்கை. வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று பூவரசன் ஒதுக்கி வைத்திருந்தவள்.

"புள்ளத்தாச்சி, ஆசைப்பட்டுக் கேட்டா. சொன்னா நீங்க விடுவீங்களா?"

தபரேஸ் மெதுவாகக் கரையேறினான்.

"அப்போ இவ்ளோ நேரம் என்னைத்தான் திருடனான்னு பாத்துனு இருந்தியா?"

பூவரசன் தலையைக் குனிந்துகொண்டான். தபரேஸ் காலைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"நிக்கிறீங்களே, போய்க் கூப்புடுங்க," என்றாள் பூர்ணிமா.

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவான்?