வால்வில் கட்டிய துணி

அன்று காலை எட்டு மணிக்கு மூன்றாம் மாடி நடையில் நின்றிருந்தவர்கள்: கட்டடத்தின் செயலாளரான செக்கர், அவர் கையில் அட்டை பிரிக்காத புதுப் பூட்டு, முதல் மாடி மருந்துக்கடைக்காரர், இரண்டாம் மாடி அக்கா தங்கை இருவர், இருவருக்கும் சேர்த்துக் கட்டடம் வைத்திருந்த பெயர் ரேடியோ, மூன்றாம் மாடிப் பின்வீட்டுக்குக் குடிவந்து இருபத்திரண்டு நாளான வாஷிங்மெஷின் மெக்கானிக், அந்த வீட்டு வாசலில், உடம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, இடுப்பில் கைக்குழந்தையோடு அவன் மனைவி, கடைசியாக, எல்லோருக்கும் ஒரு படி கீழே, கழுத்தில் அளவு டேப் தொங்க, தரைத்தளத்து டெய்லரக்கா.

யாரும் உட்காரவில்லை. செக்கர் முப்பது வருடம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்டவர். ஆளை நிற்க வைத்துக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும் என்பது அவர் கட்சி.

"இந்தக் கட்டடம் எழும்பின நாள்லேருந்து நான் இருக்கேன்," என்று ஆரம்பித்தார். அவர் எதை ஆரம்பித்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். "நாப்பது வருஷம். பின்பக்கக் குழாய்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள், தண்ணி வராம இருந்ததுண்டா? சொல்லுங்க."

"இல்லவே இல்ல," என்றாள் ரேடியோ அக்கா.

"மழைக்காலத்துல தேவைக்கு மேலயே வரும்," என்றாள் தங்கை.

கட்டடத்தில் எட்டு வீடு. முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு. முன்வீடுகளில் தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. பின்வீடுகளில் மூன்று வாரமாகக் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகுகிறது. ஒரு வாளி நிறைவதற்குள் டெய்லரக்கா ஒரு பாவாடையை வெட்டி ஓரமும் அடித்துவிடுவாள். மருந்துக்கடைக்காரர் கீழ்த் தொட்டியிலிருந்து சுமந்து சுமந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு மட்டும் குழாய்க்குள் உறுமல் கேட்கிறது, கால் மணி நேரம் தண்ணீர் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. அந்த நேரத்தில் எழுந்திருப்பது மேல்வீட்டு மெக்கானிக் மட்டும்தான். அவன் ஸ்பேனரும் கையுமாக மொட்டைமாடிக்குப் போவதை ரேடியோ தங்கை படிக்கட்டு இடைவெளியில் அண்ணாந்து இரண்டு முறை பார்த்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அந்த வீட்டுக்காரர்கள் மீது சந்தேகம் வருவதற்குத் தண்ணீர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வந்த முதல் நாளே அவர்கள் செருப்பைப் படியில் கழற்றிப் போட்டார்கள். பேசும்போது வார்த்தையின் கடைசியை ஒரு இழுப்பு இழுத்தார்கள். அந்தப் பெண் யாரைப் பார்த்தாலும் சிரித்தாள். சும்மா எதற்கு ஒருத்தி சிரிக்க வேண்டும் என்று டெய்லரக்காவே ரேடியோவிடம் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, அது கட்டடம் முழுக்க ஒலிபரப்பாகும் என்ற நிம்மதியோடு தையல்மிஷினை மிதித்திருக்கிறாள்.

அவளும் ஒரு நாள் புதிதாக வந்தவள்தான். பத்தொன்பது வருடம் முன்னால், இதே செக்கர், இதே மாதிரி நிற்க வைத்து, ராத்திரி மிஷின் ஓட்டக் கூடாது என்று சொன்னார். அப்போது அவளுக்குப் பெயர் 'கீழ்வீட்டுக்காரி'. டெய்லர் ஆக நான்கு வருடம், அக்கா ஆக ஏழு வருடம். அதற்கப்புறம்தான் மொட்டைமாடிச் சாவி அவள் கைக்கு வந்தது. கத்தரிக்கோலோடு சேர்த்து இடுப்பில் கட்டியிருப்பாள். குளிக்கும்போதுதான் அவிழ்ப்பாள். பூட்டு தேய்ந்துபோய், யார் இழுத்தாலும் திறந்துகொள்ளும் என்பது வேறு விஷயம்.

சாவி என்றால் கதவு மட்டும் அல்ல, வால்வும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பின்பக்கக் குழாய்க்கு ஒரு வால்வு. அதன் கைப்பிடி எப்போதோ உடைந்துபோக, யாரோ கூட்டல் குறி மாதிரி நான்கு கை உள்ள இரும்பைப் பற்றவைத்திருந்தார்கள். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. அதனால் ஒரு கையில் சிவப்புத் துணி. துணி கதவைப் பார்த்தால் திறந்திருக்கிறது. கால் சுற்றுத் திருப்பி, துணி சுவரைப் பார்த்தால் மூடியிருக்கிறது. தொட்டி கழுவும் நாளில் மட்டும் மூடுவார்கள். இது பழைய ஆட்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் பழைய ஆட்களிடம் என்ன இருக்கிறது?

இன்று விடியற்காலை டெய்லரக்கா கதவைச் சாத்தாமல் காத்திருந்து, மெக்கானிக் ஏறும் சத்தம் கேட்டதும் பின்னாலேயே ஏறினாள். கையும் களவுமாகப் பிடித்துக் கூட்டத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் திட்டம். அவன் தொட்டிக்குக் கீழே குந்தியிருந்தான். இரும்புக் கையை ஸ்பேனரால் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பினான். துணி சுவரைப் பார்த்தது. குழாய்க்குள் தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது.

மூடினால் தண்ணீர் எப்படி வரும்?

அவன் திரும்பிப் பார்த்தான். திருடன் மாதிரி பதறவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"அக்கா, துணி தப்பான கையில கட்டியிருக்கு," என்றான். "வால்வு மூடியே கிடக்குது. பழைய வால்வு, கொஞ்சம் கசியுது, அதான் நூலா வருது. வந்த வாரமே செக்கர் சார்கிட்ட தண்ணி பத்திக் கேட்டேன். இந்தக் கட்டடத்துக்குன்னு ஒரு முறை இருக்கு, கை வைக்காதீங்கன்னார். சரி, இப்படித்தான் முறை போலன்னு, குழந்தைத் துணி அலசுற அளவுக்குத் திறந்துட்டு, இருந்த மாதிரியே வெச்சிடுவேன்."

தொட்டி கழுவியது சரியாக இருபத்திரண்டு நாள் முன்னால். இவர்கள் சாமான் இறக்கிய அதே நாள். பழைய துணி மக்கிக் கையோடு வந்துவிட்டதால், அவள்தான் ஒரு ரவிக்கைத் துண்டைக் கிழித்துப் புதிதாகக் கட்டினாள். கட்டும்போது கீழே யாரோ பீரோவைச் சுவரில் இடித்தார்கள். யாரது என்று எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து, வால்வைத் திறந்தாயிற்று என்ற நினைப்பில் கட்டினாள். எந்தக் கையில்?

"நீங்க சொன்னா நம்புவாங்கக்கா," என்றான் மெக்கானிக். அவள் இறங்கி வந்துவிட்டாள். மேலே அவன் வால்வை மறுபடி இருந்த மாதிரியே திருப்பும் சத்தம் கேட்டது.

இப்போது செக்கர் தீர்ப்புக்கு வந்திருந்தார். மொட்டைமாடிக்குப் புதுப் பூட்டு. மூன்றாம் மாடி வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லி, இந்த மாதக் கடைசியோடு இவர்களைக் காலி பண்ணச் சொல்வது.

மெக்கானிக்கின் மனைவி குழந்தையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். சிரிக்கவில்லை.

"சார், நான் தண்ணி எடுக்கல. வால்வு மூடியிருக்கு," என்றான் மெக்கானிக்.

"மூடியிருக்கா?" மருந்துக்கடைக்காரர் இடுப்பை மறந்து நிமிர்ந்தார். "நேத்துகூட நான் பாத்தேனே. துணி கதவைப் பாத்துதான் இருக்கு."

"வந்து ஒரு மாசம் ஆகல, நம்ம வால்வைப் பத்தி நமக்கே பாடம் எடுக்கிறாரு," என்றாள் ரேடியோ அக்கா.

"டெய்லரக்கா சொல்லட்டும், சார். அவங்களுக்குத் தெரியும்."

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு படி கீழே நின்றதால் எல்லோரையும் அவள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு வரி போதும். நான்தான் மாத்திக் கட்டிட்டேன். அவ்வளவுதான். பிறகு சாவியை வேறு யாராவது வைத்துக்கொள்வார்கள். இருபத்திரண்டு நாள் எங்களைச் சுமக்க வைத்தவள் என்று ரேடியோ இருபத்திரண்டு வருடம் பேசும். மறுபடி கீழ்வீட்டுக்காரி. அளவு டேப்பின் தகர நுனியை விரலில் அழுத்திக்கொண்டாள்.

"துணி சரியாத்தான் இருக்கு," என்றாள்.

செக்கர் பூட்டின் அட்டையைக் கிழித்தார்.

கூட்டம் கலைந்ததும், பூட்டைச் செக்கரிடம் வாங்கிக்கொண்டு, சரியாக விழுகிறதா பார்க்கிறேன் என்று அவள் மட்டும் மேலே போனாள். மெக்கானிக்கின் ஸ்பேனர் தொட்டியின் அடியிலேயே கிடந்தது. துணியை அவிழ்த்தாள். முடிச்சு அவள் போட்ட முடிச்சுதான், இழுத்தால் இறுகுகிற தையல்காரி முடிச்சு. பல்லால் கடித்து இளக்க வேண்டியிருந்தது. கால் சுற்றுத் திருப்பி, இப்போது கதவைப் பார்க்கும் கையில் கட்டினாள். தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. பார்க்கிறவனுக்கு எதுவுமே மாறியிருக்காது. துணி நேற்றைப் போலவே கதவைப் பார்த்தது.

கீழே ஒவ்வொரு மாடியாகக் குழாய்கள் இருமிவிட்டுக் கொட்டத் தொடங்கின. ரேடியோ இரண்டு குரலில் கூவியது. படிக்கட்டு வழியே செக்கரின் குரல் ஏறி வந்தது.

"பாத்தீங்களா? பூட்டு வந்தது, தண்ணியும் வந்தது! நாப்பது வருஷ அனுபவம்யா!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. திறக்காமல் விட்டிருந்தால், பூட்டுப் போட்ட பிறகும் தண்ணீர் இல்லையே என்று நாளைக்கு யாராவது யோசித்திருப்பார்கள். அவனுக்கு அந்த ஒரு வழி இருந்தது. அதையும் அவள் கையே அடைத்துவிட்டது.

மொட்டைமாடியைப் பூட்டிவிட்டு, ஸ்பேனரை முந்தானையில் மறைத்துக்கொண்டு இறங்கி, மூன்றாம் மாடிப் பின்வீட்டைத் தட்டினாள். பத்தொன்பது வருடத்தில் அந்தக் கதவை அவள் தட்டியதில்லை. அங்கே குடியிருந்தவர்கள்தான் இறங்கி வந்து அவள் கதவைத் தட்டுவார்கள்.

மனைவிதான் திறந்தாள். பின்னால் வாளியில் தண்ணீர் விழும் சத்தம். அதற்கும் பின்னால், பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகள். அவற்றைப் பிரிக்க வேண்டியதே இல்லை இனி.

"இது மேல கிடந்துச்சு."

அந்தப் பெண் ஸ்பேனரை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்க்கவில்லை. டெய்லரக்காவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் துரு, இரண்டு விரலில் சிவப்புச் சாயம்.

"தண்ணி வந்துடுச்சு," என்றாள்.

"ம்."

"பூட்டு போட்டதும் வந்துடுச்சாமே."

கீழே செக்கர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். யாரோ சிரித்தார்கள். டெய்லரக்கா விரல்களைப் புடவையில் துடைத்தாள்.

"சாயங்காலம் நான் பேசுறேன்மா."

"யார்கிட்ட?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். உள்ளே வாளி நிரம்பி, தண்ணீர் தரையில் வழிகிற சத்தமாக மாறியது. குழந்தை எதற்கோ சிணுங்கியது. அவள் திரும்பி உள்ளே போனாள். அவளுக்குப் பின்னால் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது. அதற்குப் பிறகு பூட்டில் சாவி திரும்பியது, ஒரு முறை, இன்னொரு முறை.