மணி அடித்த பிறகும் ஒரு சுற்று

1

இந்தக் கதை என் சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கிடைத்தது. கனவில் கிடைத்தது, ரயிலில் கிடைத்தது என்றெல்லாம் எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு நேர் எதிரே பக்கத்துக் கட்டடத்தின் பால்கனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கிக் கவிழ்த்த வாளிமேல் வைத்து, முழங்காலுக்குக் கீழே சவரம் செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னல் அங்கே இருக்கிறது, கண் என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

“சூரியன் உதிப்பதற்கு முன்பே அவர் கண்களில் வெற்றி உதித்திரு

(நிறுத்திவிட்டேன். கண்களில் இருந்தது பீளை.)

“காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலமாகப் பணியாற்றிவரும்

(இப்படித் தொடங்கினால் இரண்டாவது வரிக்கு நீங்களும் வரமாட்டீர்கள், நானும் வரமாட்டேன்.)

“ஒரு மனிதர் காலைச் சவரம் செய்தார்.” இது உண்மை. இதோடு போவோம்.

2

அவரை நம்மவர் என்றே எழுதப்போகிறேன். தெருவில் ‘ரேஸ் சார்’ என்பார்கள், அவர் காதில் விழாத தூரத்தில். அவர் மனைவி மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். எதையும் அளந்துதான் பேசுவார். தலைவலி மாத்திரை வாங்கப் போன சாக்கில் கேட்டேன்.

“அவருக்குக் கால்ல என்னம்மா? ஏதாவது தோல் வியாதியா?”

“இல்லக்கா. முடி இருந்தா காத்து தடுக்குமாம்.”

“எவ்ளோ தடுக்கும்?”

“தொப்பை தடுக்கறத விடக் கம்மிதான். அத நான் சொன்னா மூஞ்சி தூக்கி வச்சுக்கறாரு.”

இப்படித்தான் தெரிந்தது, நம்மவர் சைக்கிள் பந்தயக்காரர் என்று. ஒரு கிளப்பில் மூன்றாம் பிரிவில் ஓட்டுகிறார். நான்காம் பிரிவு என்று ஒன்று கிடையாது. இருந்திருந்தால் அதில் ஓட்டியிருப்பார். சைக்கிள் படுக்கையறையில் தூங்குகிறது. அதன்மேல் படாமல் திரும்பிப் படுக்க அவர் மனைவி கற்றுக்கொண்டுவிட்டார். பந்தயத்துக்கு முன்னால் எடை குறைய வேண்டும் என்று நம்மவர் சைக்கிள் மணியைக் கழற்றுவார், தண்ணீர் பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பார், பிறகு இரண்டு வாழைப்பழம் சாப்பிடுவார். திங்கட்கிழமை பேண்ட்டைத் தூக்கினால் கெண்டைக்காலில் செயின் கறுப்பு பல்பல்லாகப் பதிந்திருக்கும். அலுவலகக் கூட்டங்களில் மேஜைக்கு அடியில் கால் தானாகப் பெடல் மிதிக்கும்.

நம்மவர் பிறந்ததிலிருந்து எதிலும் முதலாவதாக வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் இல்லை, அலுவலகத்தில் இல்லை. கல்யாணத்துக்குக்கூட அவர் மனைவி பார்த்த இரண்டாவது மாப்பிள்ளை.* “ஒரே ஒரு தடவை முதல்ல வந்துட்டா போதும், அப்புறம் சைக்கிளை வித்துடறேன்” என்பது அவர் மனைவியிடம் கொடுத்திருக்கும் வாக்கு.

“விப்பாரா?” என்றேன்.

“வந்தா பாக்கலாம்க்கா. ரெண்டும் நடக்காது.”

* முதல் மாப்பிள்ளை என்ன ஆனார் என்று கேட்டேன். சொல்லவில்லை. இந்தக் கதையில் எனக்கே தெரியாத ஒரே விஷயம் அது.

3

இந்த இடத்தில் ஒரு சின்னக் கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிவிடலாம், ஆனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சைக்கிள் பந்தயத்தில் எதிரி பக்கத்தில் ஓட்டுகிறவன் அல்ல, காற்று. முன்னால் போகிறவன் காற்றை முகத்தில் வாங்குகிறான். அவன் பின்சக்கரத்தை ஒட்டியே வருகிறவனுக்கு அந்தக் காற்று படாது, பாதி உழைப்பில் அதே வேகத்தில் வரலாம். அதனால் ஒரு மரியாதை உண்டு: கொஞ்ச நேரம் நான், கொஞ்ச நேரம் நீ. முன்னால் இருப்பவன் களைத்தால் முழங்கையை வெளியே ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவான். ‘வா, உன் முறை’ என்று அர்த்தம். முறை எடுக்காமல் கடைசிவரை ஒண்டியே வந்து, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டி ஜெயிப்பவனைச் சட்டம் ஒன்றும் செய்யாது. ஆனால் மற்றவர்கள் அவனோடு டீ குடிக்க மாட்டார்கள்.

(அலுவலகத்திலும் இதேதான் நடக்கிறது, அங்கே டீ மட்டும் எல்லோரும் சேர்ந்து குடிப்பார்கள் என்று ஒரு வரி எழுதினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டேன்.)

4

நம்மவருடைய அலுவலக மேலாளரை எழுத எனக்குத் தயக்கம். வில்லன் வேண்டும் என்று கதை கேட்கிறது, அவரோ கெட்டவர் இல்லை. ஊழியர்களின் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார், பதில் வருவதற்குள் அடுத்தவரிடம் போயிருப்பார். அவரிடம் ஒரே ஒரு பழக்கம். எந்தக் கூட்டத்துக்கும் போக மாட்டார். நம்மவரை அனுப்புவார். பிறகு கூப்பிட்டு, “மூணு பாயின்ட்ல சொல்லுங்க” என்பார். நான்காவதைத் தொடங்கினால் கை போனுக்குப் போய்விடும்.

இதைப் பிரிவில் எல்லோரும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மேலாளருக்குத் தெரிய வேண்டியது முதல் மூன்றில் வரும். தெரிந்தால் சிரமம் என்பது நான்காவதில். அந்த அலுவலகத்தில் நான்காவது பாயின்ட் என்பது பத்திரமான இடம். பின்னால் பிரச்சினை வந்தால், “சொல்ல வந்தேன் சார், நீங்கதான்…” என்று இழுத்து, முடிக்காமல் விட்டுவிடலாம்.

இப்போது அங்கே பிரிவுத் தலைவர் நாற்காலி காலி. நம்மவர் கண் அதில். யாருக்கு என்று மேலாளர் திங்கட்கிழமை சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். இதை நான் கதைக்காக ஏற்பாடு செய்யவில்லை. உண்மைக்குக் கொஞ்சமும் கூச்சம் கிடையாது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

இதற்கு நடுவில் மேலாளரே ஒரு சைக்கிள் வாங்கிவிட்டார். நம்மவர் மேஜையில் இருந்த பந்தயப் படத்தைப் பார்த்து, “இது நல்லா இருக்கே” என்றார், மறு வாரம் கிளப்பில் நின்றார். ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய சைக்கிள். தூக்கிக் காட்டினார். கேட்காதவர்களுக்கும் காட்டினார்.

5

பந்தயத்துக்கு நானும் போனேன். பிளாஸ்க் பிடிக்க ஆள் வேண்டும் என்று அவர் மனைவி கூப்பிட்டார். (நானே கேட்டேன்.)

ஊருக்கு வெளியே கிடங்குகள் வரிசையாக நிற்கும் ஒரு வளாகம். ஞாயிறு விடுமுறை, லாரி கிடையாது. அதைச் சுற்றிச் சுற்றி ஓட்ட வேண்டும். புறப்படும் இடத்திலிருந்து பார்த்தால் வருகிறவர்கள் தெரிவார்கள், பிறகு நீளமான ஒரு கிடங்கின் பின்னால் மறைந்துவிடுவார்கள்.

கிளப் செயலாளர் வார நாட்களில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். கையில் பித்தளை மணியோடு நின்று விதிகளைச் சொல்லத் தொடங்கினார். மேலாளர் அப்போது படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

“நீங்க கேட்டுட்டு வந்து சொல்லிடுங்களேன்.”

நம்மவர் போனார், அலுவலகத்தில் நிற்கிற மாதிரியே கைகட்டி நின்றார், கேட்டார், வந்தார்.

“மூணு பாயின்ட்ல” என்றார் மேலாளர்.

“ஒண்ணு, கிடங்குக்குப் பின்னாடி திருப்பத்துல மணல் கெடக்கு சார், மெதுவா வளைக்கணும். ரெண்டு, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மூணு, அந்த வெள்ளைக் கோடுதான் முடிவு, அத முதல்ல தாண்டறவர்தான் ஜெயிச்சவர். நாலாவது, மணி அடிச்சா…”

“போதும், போதும். ஃபோட்டோவுக்கு வாங்க.”

நான்காவது என்ன என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: கடைசிச் சுற்று தொடங்கும்போது செயலாளர் மணி அடிப்பார். மணி அடித்தால் பந்தயம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இன்னும் ஒரு சுற்று பாக்கி.

இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வாயைத் திறந்ததும் தானாக வந்த வரிசையா அது? இல்லை, பல வருஷ அலுவலகப் பயிற்சியா? மனைவியைக் கேட்டேன்.

“வேணும்னே நாலாவதா வச்சிருப்பாரோ?”

“இவருக்கு வேணும்னே ஒண்ணு செய்யத் தெரிஞ்சிருந்தா அந்த நாற்காலி எப்பவோ கெடச்சிருக்கும்க்கா. பிளாஸ்க்க நேரா புடிங்க.”

அவர் சொன்னதை நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் எழுதும்போது நம்மவர் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் லேசாக மூச்சு விடுகிறார். எத்தனை முறை அடித்து நீக்கினாலும் அந்த மூச்சு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பந்தயம் தொடங்கியது. நம்மவர் அன்றைக்கு ஓட்டியதை நான் கிண்டல் செய்ய முடியாது, முயன்று பார்த்துவிட்டேன். சில சுற்றுகளிலேயே மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். மூன்றாம் பிரிவின் பயங்கர ஆளான பல் டாக்டர்கூட நாக்குத் தள்ளிப் போனார். முன்னால் இரண்டே பேர். காற்றை வாங்கிக்கொண்டு நம்மவர், அவர் பின்சக்கரத்தை ஒட்டி, வேர்க்காமல், மேலாளர்.

நம்மவர் முழங்கையை வெட்டிக் காட்டினார்.

“கை வலிக்குதா?” என்று கத்தினார் மேலாளர், அக்கறையோடு.

மறுபடி வெட்டினார்.

“உதறிக்கோங்க, சரியாயிடும்!”

அப்படியே வந்தார்கள். செயலாளர் மணியை அடித்தார். அவ்வளவுதான், மேலாளர் பின்னாலிருந்து பாய்ந்து, நம்மவரைத் தாண்டி, வெள்ளைக் கோட்டைத் தாண்டி, இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கினார். பிரேக் பிடித்துப் புல்லில் இறங்கிக் காலை ஊன்றினார். யாரோ ஒருவர் பாதி கைதட்டி நிறுத்திக்கொண்டார். செயலாளர் மணியும் கையுமாக வாயைத் திறந்தபடி நின்றார்.

“பாத்தீங்களா! முதல் ரேஸ்லயே!” என்றார் மேலாளர்.

நம்மவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் மெதுவாகி, ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். பின்னால் யாரும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. முன்னால் ஒரு முழுச் சுற்று, காலியாக. வலது பக்கம், கையைத் தூக்கியபடி, திங்கட்கிழமை.

“சார்…” என்றார். அந்த வாக்கியத்தை அவரும் முடிக்கவில்லை, நானும் முடிக்கப்போவதில்லை. ‘வாழ்த்துகள் சார்’ என்று போகலாம், ‘இன்னும் ஒண்ணு இருக்கு சார்’ என்றும் போகலாம்.

“என்ன பாத்துட்டு நிக்கறீங்க?” பக்கத்தில் மருந்துக்கடைக் குரல். “இன்னும் ஒரு சுத்து இருக்குல்ல? போங்க!”

போனார்.

“எங்க போறாரு அவரு?” என்றார் மேலாளர்.

“ரேஸுக்கு சார்” என்றார் செயலாளர். “இன்னும் முடியல.”

“அப்ப மணி?”

“அது கடைசிச் சுத்து ஆரம்பிக்கறதுக்கு. காலையிலயே சொன்னேனே, நீங்க கேக்கல?”

மேலாளரின் முகத்தில் அப்போது ஓடியதை எழுத எனக்கு இன்னொரு கதை வேண்டும். சைக்கிளைத் திருப்பினார். பெடலோடு பூட்டிக்கொள்ளும் பந்தய ஷூ, மாட்ட மறுத்தது. மாட்டியது. அந்த விரல் எடைச் சைக்கிள் உண்மையிலேயே வேகமான சைக்கிள்தான். நம்மவர் கிடங்கின் பின்னால் மறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து மேலாளரும் மறைந்தார்.

6

முடிவுகள். நான் எழுதி வைத்திருந்தவற்றை நம்மவர் மனைவி என் சமையலறையில் நின்றபடியே படித்தார்.

முதல் முடிவு: நம்மவர் ஜெயிக்கிறார். திங்கட்கிழமை அவரைப் பழைய கோப்புகள் இருக்கும் அடித்தளத்துக்கு மாற்றுகிறார்கள், அவர் அங்கே புழுதியில் பதக்கத்தோடு சிரித்துக்கொண்டிருக்கிறார்.

“இத மட்டும் அவர்ட்ட காட்டாதீங்க. அந்தச் சிரிப்போட நான்தான் குடித்தனம் பண்ணணும்.”

இரண்டாவது: கடைசித் திருப்பத்தில் நம்மவர் மிதிப்பதைக் குறைக்கிறார். மேலாளர் தாண்டுகிறார். திங்கட்கிழமை கைவைத்த நாற்காலி. அதில் உட்கார்ந்து பெடல் மிதிக்க முடியாது, கால் மேஜையில் இடிக்கிறது.

இதைப் படித்துவிட்டு அவர் தாளைக் கவிழ்த்து வைத்தார். தண்ணீர் கேட்டார்.

மூன்றாவது: மணலில் இருவரும் சறுக்கி விழுகிறார்கள், நொண்டிக்கொண்டே பல் டாக்டர் ஜெயிப்பதைப் பார்க்கிறார்கள், நண்பர்கள் ஆகிறார்கள்.

“டாக்டருக்கு எதுக்குக்கா? ஏற்கனவே அந்த ஆளப் புடிக்க முடியாது.”

நான்காவதாக, உண்மையில் நடந்ததை எழுதியிருந்தேன். நானும் அவரும் அங்கேதானே நின்றிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார். “சரியாத்தான் இருக்கு” என்றார், அளந்து.

7

மறுநாள் சாயங்காலம் நம்மவரே வந்தார். வாசலில் நின்று, ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, கழற்றினார்.

“எழுதறீங்களாமே அக்கா.”

“ஆமா தம்பி. எல்லாம் நல்லதாத்தான்.”

“கால் ஷேவ் பண்ணதும் இருக்காம்.”

“அது… முதல் வரி.”

தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “யார் ஜெயிச்சாங்கன்னு இருக்கற பக்கத்த எடுத்துடுங்க.”

“நடந்ததத்தானே எழுதியிருக்கேன்?”

“நடந்தது அங்க இருந்தவங்களுக்குத் தெரியும். திங்கக்கிழமை நடந்தது ஆஃபீஸுக்குத் தெரியும். கிடங்குக்குப் பின்னாடி நடந்தது எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

“என்ன நடந்துச்சு?” கேட்கும்போதே ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்து வந்துவிட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. யாரும் இல்ல. அந்தப் பக்கம் காத்தே இல்லக்கா. முன்னாடி ஒரு ஆள் இல்ல, பின்னாடி ஒரு ஆள் இல்ல. பெரிய கிடங்கு, பூட்டிக் கெடக்கு. நான் ஓட்டறேன்.” நிறுத்தினார். “முதல்ல ஓட்டறேன்.”

“நாலாவதா சொன்னீங்களே, அது வேணும்னேவா?”

ஷூவைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். “கதை அங்கயே நிக்கட்டும்க்கா” என்றார். எந்தக் கேள்விக்குப் பதில் என்று எனக்குத் தெரியவில்லை. லேஸைக் கட்டாமலே படியிறங்கிப் போனார்.

இந்தத் தெருவில் யார் வீட்டில் எப்போது குக்கர் விசில் வரும் என்பதுவரை சொல்லக்கூடியவள் நான். தெரிந்த ஒரு விஷயத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கியதாக என்மேல் யாரும் புகார் சொன்னதில்லை. இருந்தாலும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கிழித்ததைக் குப்பையில் போட்டிருக்கிறேன். குப்பை வண்டி நாளைக்குத்தான் வரும், அதனால் என்னை ரொம்பப் புகழ வேண்டாம்.

முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலியைக் கொடுப்பீர்களோ, கோட்டைத் தாண்ட வைப்பீர்களோ, இரண்டையுமோ, எனக்குச் சம்மதம். ஆனால் இப்போதைக்கு அவர் கிடங்கின் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார், திருப்பம் இன்னும் வரவில்லை. பின்னால் யாராவது வருகிற சத்தம் உங்களுக்குக் கேட்டால் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்லவில்லை, பாருங்கள்.