முப்பத்தொரு வெள்ளி டாலர்கள்

பாட்ரிஸ் ஹ்ருஷ்கா அந்தத் தகர டப்பாவை மேஜைமேல் வைத்தபோது காபிக் கோப்பைகள் ஒருமுறை அதிர்ந்தன. ஐம்பது பவுண்டு பன்றிக்கொழுப்பு அடைத்து விற்ற பழைய டப்பா. மூடி துருப்பிடித்துப் பாதி தின்னப்பட்டிருந்தது. பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தாள். பூட்ஸில் சிமெண்ட் தூசி ஒட்டியிருந்தது.

"சமையலறைத் தரையை ஒடைச்சோம் சார். குழாய் வெடிச்சிருச்சு. அடியில இது இருந்துச்சு. உங்ககிட்ட காட்டினா என்னன்னு சொல்லுவீங்கன்னு தோணுச்சு."

அவள் 'சார்' என்றது ஆரின் செட்லாச்செக்கை. முப்பத்திநாலு வருஷம் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவர். பாட்ரிஸும் அவரிடம் படித்தவள்தான். நாணயச் சங்கத்திலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஒரு காசை அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினால் அந்தக் காசின் கதை அன்றோடு முடிந்தது.

சங்கம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மதியம் தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் கூடும். அக்டோபர் மாதம், மக்காச்சோள அறுவடை நேரம் என்பதால் அன்று நான்கே பேர். மேஜையின் தலைப்பக்கத்தில் ஆரின். அவருக்குப் பக்கத்தில் ஃபிரான்சின், முன்பு அழகு நிலையம் நடத்தியவள். எதிரே லாரி ஓட்டும் டேல். மேஜையின் மறுகோடியில், காபி இயந்திரத்தை ஒட்டி, வெண்டல் ப்ரூனிங். தானியக் கிடங்கில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவர் அந்தக் கோடி நாற்காலிக்குப் போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன் ஆரினும் அவரும் ஒரே வண்டியில் கூட்டத்துக்கு வருவார்கள். ஏன் இடம் மாறினார் என்று யாருக்கும் தெரியாது. வெண்டலின் மனைவி ஆர்லீன் உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டாள். "அவன் ரொம்பப் பேசறான்" என்று அவளிடமும் சொல்லி முடித்துவிட்டார்.

ஆரின் ஒரு துண்டை விரித்தார். காசுகளைக் கைநிறைய அள்ளி, சத்தம் வராமல் இறக்கினார். எல்லாமே வெள்ளி டாலர்கள், 1880, 1890களில் அச்சடித்த பழைய டாலர்கள். கறுத்திருந்தாலும் பெண்ணின் முகமும் கழுகும் தெளிவாக இருந்தன. கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகள் இருந்த தட்டை ஃபிரான்சின் தள்ளி வைத்தாள்.

"யாரு போட்டு வச்சது?" என்றான் டேல்.

"எமில் பெரிய தாத்தாவாத்தான் இருக்கணும், எங்க தாத்தாவோட அண்ணன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூணுல பேங்க் மூடினப்ப அவரு பணம் மொத்தமும் போச்சாம். அப்புறம் சாகற வரைக்கும் பேங்க் இருக்கற தெருவுலயே நடக்க மாட்டாராம்."

ஆரின் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார். வலப்பக்கம் ஒரு குவியல் வளர்ந்தது. இடப்பக்கம் முதலில் ஒன்று, பிறகு மூன்று, பிறகு அடுக்கடுக்காக. இடப்பக்கத்துக் காசுகளை அவர் கவிழ்த்தே வைத்தார். டேல் எட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தான். 1893. மறுபக்கம் கழுகின் வாலுக்குக் கீழே, எறும்புத் தலையளவு 'எஸ்'. சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது. அவன் அதை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அந்த வரிசையிலேயே லேசில் கிடைக்காத காசு அதுதான். காசுகளைப் பதித்து வைக்கும் டேலின் நீல அட்டைப் புத்தகத்தில் மற்ற எல்லா வட்டங்களும் நிறைந்து, இருபது வருஷமாக ஒரே ஒரு ஓட்டை பாக்கி. ஃபிரான்சின் ஐந்து வருஷத்துக்கு முன் சுற்றுலா வண்டியை விற்று ஒன்று வாங்கினாள். ஆரினிடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு டிசம்பர் கூட்டத்திலும் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து எல்லோர் கையிலும் ஒரு நிமிஷம் கொடுப்பார். அப்போது வெண்டல் மட்டும் காபி ஊற்ற எழுந்துவிடுவார்.

"முப்பத்தொண்ணு" என்றாள் ஃபிரான்சின் எண்ணி முடித்து.

ஆரின் கண்ணாடியை எடுத்துவிட்டு மூக்கின் மேல்பகுதியைத் தடவினார். பிறகு பாட்ரிஸின் பக்கம் சாய்ந்து, தணிந்த, கனிவான குரலில் பேசத் தொடங்கினார்.

"இங்க பாரும்மா. இந்த வருஷத்துக் காசு வேற ஊர்லயும் அடிச்சாங்க. அது சாதாரணம். இந்த எஸ் எழுத்து இருந்தாத்தான் விசேஷம். அதனால அந்தக் காலத்துல சாதாரணக் காசுல எழுத்தைத் தனியா ஒட்டிடுவாங்க. இதுவும் பெரும்பாலும் அப்படி ஒட்டினதாத்தான்…"

வெண்டலுக்கு அந்தக் குரல் தெரியும். பத்தொன்பது வருஷத்துக்கு முன் லூட்ஸ் பண்ணை ஏலத்தில் அதே குரல் அவர் காதோரம் வந்தது. இதேபோல் ஒரு 1893 எஸ் காசுக்கு ஏலம் கேட்க அவர் கையைப் பாதி தூக்கியிருந்தார். இரண்டு வருஷம் சேர்த்த பணம் சட்டைப்பையில் இருந்தது. 'எஸ் ஒட்டினதுடா வெண்டல், விட்டுடு.' அவர் கையை இறக்கினார். யாரோ ஒரு வெளியூர்க்காரன் அதை எடுத்தான். இரண்டு மாதம் கழித்து அந்தக் காசு ஆரினின் பெட்டியில் இருந்தது. விளிம்பில் இருந்த சிறு வெட்டை வைத்தே வெண்டல் அடையாளம் கண்டார். சண்டை போடவில்லை. நாற்காலியை மட்டும் மாற்றிக்கொண்டார்.

பாட்ரிஸ் தலையாட்டிக்கொண்டிருந்தாள். வகுப்பில் உட்கார்ந்து ஆட்டுவதுபோலத்தான் இருந்தது.

"ஆரின்" என்றார் வெண்டல்.

ஃபிரான்சின் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

"முப்பத்தொண்ணுலயுமா ஒட்டியிருக்கான்? தரைக்கடியில போட்டு சிமெண்ட் பூசற ஆளு, யாரை ஏமாத்தறதுக்கு உக்காந்து ஒட்டப்போறான்?"

வெளியே தானிய லாரி ஒன்று கியர் மாற்றிக் கடந்தது.

"கண்ணாடியை எடுத்து இன்னொரு தடவ பாரு" என்றார் வெண்டல். "நாங்க இருக்கோம். அவசரமில்ல."

ஆரினின் காது மடல்கள் சிவந்தன. கண்ணாடியை மறுபடி பொருத்தினார். இந்த முறை எழுத்தைப் பார்க்கவில்லை. காசைத் திருப்பி, பெண்ணின் தலைப்பட்டியில் உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லைப் பார்த்தார். அதில் 'டி' எழுத்தின் உச்சியில் ஒரு மயிரிழைக் கோடு இருக்கவேண்டும். அச்சிலேயே விழுந்த கோடு, யாராலும் ஒட்ட முடியாதது. ஒன்று பார்த்தார். இன்னொன்று. ஆறாவதில் நிறுத்திக்கொண்டார்.

"கோடு இருக்கு" என்றார். குரல் சாதாரணமாகிவிட்டிருந்தது. "நிஜம்தான் பாட்ரிஸ். நான் சொன்னது தப்பு. முதல்லயே இதைப் பாத்திருக்கணும். பாக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "தேய்ஞ்சதுகூட ஒண்ணு மூவாயிரம், நாலாயிரம் போகும். தரம் பாக்கற கம்பெனிக்கு நீயே அனுப்பு. இந்த மேஜைல இருக்கற யாருக்கும் விக்காத. எனக்கும் விக்காத."

பாட்ரிஸ் காலியாக இருந்த நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வீட்ல இதே மாதிரி இன்னும் நாலு டப்பா இருக்கு சார்."

முதலில் சிரித்தது ஃபிரான்சின். தோள் குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "என் வண்டி! படுக்கை, அடுப்பு எல்லாம் இருந்த வண்டி! அரிசோனா போயிருப்பேன்டா டேல்!"

டேல் சிரிக்கவில்லை. ஒரு காசைத் துண்டின்மேல் விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான். "இவ்வளவு வெளிய வந்தா விலை எறங்கும். அடுத்த வருஷம் நானே வாங்கிடுவேன்" என்றான். ஏதோ தொலைத்தவன் போலிருந்தது. "ஒமாஹா, டென்வர்னு எங்க சரக்கு ஏத்திட்டுப் போனாலும் முதல்ல காசுக் கடையத்தான் தேடுவேன். இனி அங்க போயி என்ன பண்றது?"

பிளம்பருக்கு விஷயம் தெரியும், அவன் வாய் சும்மா இருக்காது என்று பாட்ரிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் தரை திறந்து கிடக்கிறது. இன்று வங்கியும் கிடையாது. மற்ற டப்பாக்களையும் எடுத்துவந்து தீயணைப்பு நிலையத்தின் இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்கலாம் என்று முடிவாயிற்று. ஃபிரான்சினும் டேலும் முதல் டப்பாவோடு அங்கேயே இருப்பதாகச் சொன்னார்கள். பளு தூக்கக் கிழவர்கள் இருவரும் மிஞ்சினார்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஆரின் தன் பிக்கப் வண்டியின் கதவைத் திறக்காமல் நின்றார்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"நீ பெட்டியைத் தொறந்து காட்டின அன்னிக்கே."

"யார்கிட்டயும் சொல்லலையே நீ."

வெண்டல் சாவியைத் தேடினார். "சொல்லியிருந்தா நீ கூட்டத்துக்கு வர்றத நிறுத்தியிருப்ப. நீ வந்து என் எதிர்ல உக்காரணும்னு நெனச்சேன். ஒவ்வொரு மாசமும்."

ஆரின் தரையைப் பார்த்தார். "அந்தக் காசு வீட்லதான் இருக்கு. எடுத்துக்கோ வெண்டல். பணம் ஒண்ணும் வேணாம்."

"நல்ல ஆளுடா நீ. விலை எறங்கறதுக்கு முன்னாடி, இன்னிக்குக் காலைல கொடுத்திருக்கலாமில்ல?"

ஆரின் தலையாட்டினார், அது நியாயம்தான் என்பதுபோல. பாட்ரிஸ் ஹாரன் அடித்தாள்.

மூன்று வண்டிகளும் தார்ச்சாலை முடிந்து சரளைப் பாதையில் இறங்கின. முன்னால் பாட்ரிஸ், நடுவில் ஆரின், கடைசியில் வெண்டல். இருபுறமும் அறுவடை முடியாத சோளம் காய்ந்து நின்றது. மழை பெய்து மூன்று வாரம். முன்வண்டிகள் கிளப்பிய புழுதியில் ஆரினின் பின்விளக்குகள் தெரிந்தன, மறைந்தன, மறுபடி தெரிந்தன. வெண்டல் வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டார். புழுதி இன்னும் அடர்ந்தது.

குறுக்குப்பாதை வந்த இடத்தில் சிவப்பு விளக்குகள் இரண்டும் அசையாமல் நின்றன. ஆரின் வண்டியை ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார். ஜன்னல் வழியாக ஒரு கை வெளியே நீண்டிருந்தது. தாண்டிப் போ என்கிறதா, நில் என்கிறதா, அந்தப் புழுதியில் தெரியவில்லை. வெண்டல் பிரேக்கில் கால் வைத்து, வண்டியின் முன்கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைப்பான் ஒருமுறை வழிக்கும்வரை காத்திருந்தார்.