தொட்டில் பை

‘தப்பு என்னுதுதான்’ என்று தன் வீட்டுக்காரர் வாயால் ஒரு தடவை கேட்க என்ன விலை ஆகும் என்று யாராவது விசாரித்தால், அண்ணி இப்போது கூசாமல் சொல்வாள்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு லேப்டாப். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சரக்கு சந்தைக்கே வந்ததில்லை. அதனால் விலை கூடுதலா குறைவா என்று ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

அண்ணி என்பது தையல் மிஷின்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நிலைத்துப்போன பெயர். லேப்டாப் பை தைக்கிற கடை அவர்களுடையது, மாடியில். வெட்டுவதும் அளவு எடுப்பதும் அண்ணி. விற்பது அவள் வீட்டுக்காரர். அவருக்கு மார்க்கெட்டில் கேரண்டி என்று பெயர். ஜிப்புக்குக் கேரண்டி, சாயத்துக்குக் கேரண்டி, சாயங்காலம் மழை வராது என்பதற்கும் கேரண்டி. குடை இல்லாமல் அவர் நனைந்து வீடு திரும்பிய நாட்களில்கூட, மழைதான் வாக்குத் தவறிவிட்டது என்பார்.

புதுப் பையை அண்ணி தொட்டில் பை என்றாள். உள்ளே லேப்டாப் தரையைத் தொடாமல், ஒரு துணித் தொட்டிலில் தொங்கும். மூலை நான்கிலும் ஃபோம் வைத்து இரட்டைத் தையல். எத்தனையோ முறை வெட்டி, பிரித்து, திட்டிக்கொண்டே மறுபடி வெட்டி அவள் பிடித்த வடிவம் அது. அதை விற்கக் கேரண்டி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஒரு லேப்டாப்பை உள்ளே வைத்து, வாங்க வந்தவர் கண்முன்னே பையைத் தூக்கி எறிவார். உள்ளே இருப்பது எப்போதோ உயிரை விட்ட பழைய லேப்டாப். மிஷின்காரர்கள் அதைத் தியாகி என்பார்கள். எறிந்து எடுத்ததும் கேரண்டி அதை வெளியே எடுத்து, ஒரு கீறல் உண்டா பாருங்கள் என்று திருப்பித் திருப்பிக் காட்டுவார். எல்லோரும் கீறலைத் தேடுவார்கள். ஆன் பண்ணச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை.

ஒரே ஒருத்தருக்குத் தோன்றியது. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கடைக்குச் சரக்கு எடுக்கிற மேடம். ஒரு கண்காட்சியில் தியாகி பறந்து விழுந்ததும், “இதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க” என்றார். கேரண்டிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. கடைக்கு வருகிறேன், ஓடுகிற லேப்டாப்பைப் போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் எங்கள் கிளை அத்தனைக்கும் இந்தப் பைதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடையில் அப்போது பாதி மிஷின்களுக்குத் துணி போர்த்தி வைத்திருந்தது. தையல் மாஸ்டர் பக்கத்துத் தெரு யூனிஃபார்ம் கடையில் பேசிவைத்துவிட்டார் என்று காற்றுவாக்கில் வந்த செய்தியை அண்ணி கேட்காதது போல இருந்தாள். மேடம் சரி என்றால் போர்வைகள் விலகும். இல்லையென்றால் மாஸ்டர் போய்விடுவார். அவர் கை இல்லாமல் தொட்டில் பை வெறும் அட்டையில் வெட்டின அளவுதான்.

ஓடுகிற லேப்டாப் என்று வீட்டில் இருந்தது அண்ணியுடையது ஒன்றுதான். அதில்தான் அவள் அளவுகளை வரைவாள். அன்று காலை அதில் ஒரு மூலையைச் சரிபார்த்து, மூடி வைத்து, மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவள் முன்னதாகக் கடைக்கு வந்துவிட்டாள்.

கேரண்டி உள்ளே வந்த கையோடு மேடமும் வந்து சேர்ந்தார். மேடம் உள்ளே நுழையும்போதே விரலை டிஷ்யூ பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பிக்கு முந்தின நாள் சாயங்காலம் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டு, ஒரு எச்சரிக்கைகூட எழுதி வைக்காமல் போயிருந்தார் கட்டடத்துக்காரர். அண்ணி மன்னிப்புக் கேட்டு, மண்ணெண்ணெய்த் துணி கொண்டுவந்து கொடுத்து, காபி சொல்லி அனுப்பித் திரும்புவதற்குள் கேரண்டி லேப்டாப்பைத் தொட்டில் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். என்றைக்கும் மடிக்காத மனிதர். வேலை வேகம் என்று அவள் நினைத்தாள்.

“முதல்ல ஆன் பண்ணி ஒரு தடவை...” என்று மேடம் ஆரம்பித்தார். அதற்குள் பை பால்கனியைத் தாண்டிவிட்டது.

கீழே முற்றத்தில் அது விழுந்த சத்தம் தலையணை விழுந்தது போல இருந்தது. அண்ணிக்கு அந்தச் சத்தம் தேன். மாஸ்டர் இரண்டிரண்டு படியாக இறங்கி, எடுத்துக்கொண்டு மேலே ஓடி வந்தார். ஜிப் திறந்தது. அண்ணியே எடுத்து மேஜையில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அழுத்தினாள். சார்ஜரைச் சொருகினாள். பேட்டரி இறங்கியிருக்கும் என்றார் கேரண்டி. கரண்ட் சரியில்லை என்றார். சில லேப்டாப்புகளுக்கு ஆள் அதிகம் இருந்தால் வராது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். திரை கரும்பலகையாகவே கிடந்தது. ஒவ்வொரு மிஷினாக நின்றது. கடைசி மிஷினும் நின்றதும், “தியாகிக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு” என்று மாஸ்டர் சொன்னது அவர் நினைத்ததைவிடச் சத்தமாகக் கேட்டது.

மேடம் கைப்பையை எடுத்தார். கோபமில்லை. அதுதான் பயமாக இருந்தது. “பை நல்லாத்தான் இருக்கு. உள்ள இருந்ததுதான் போயிடுச்சு. எங்க கடைக்கு வர்றவங்க பையைக் காப்பாத்தப் பை வாங்கறதில்ல, பாருங்க.”

அண்ணி லேப்டாப்பைக் கையில் எடுத்தாள். பின்பக்க மூலை ஒன்று நசுங்கியிருந்தது. மூலையா? மூலைதானே அவள் உயிரைக் கொடுத்துத் தைத்த இடம்? விரலால் தடவினாள். விரலில் பச்சை ஒட்டியது.

பையை உள்ளும் புறமுமாகத் திருப்பினாள். சாம்பல் நிறத் தொட்டில் துணியில் அந்த மூலை உட்கார்ந்த இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பச்சைப் பொட்டு. வெளியே ஒரு துளிகூட இல்லை. முற்றத்தில் பச்சையே கிடையாது. பச்சை இருப்பது படிக்கட்டில். அப்புறம் வீட்டுக்காரரின் சட்டைக் கை மடிப்பில், உள்ளே மறைந்தும் மறையாமலும்.

தன் பை தோற்கவில்லை! கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் கத்தினால் மிஷின்காரர்கள் முன்னால், வாங்க வந்தவர் முன்னால், கட்டின புருஷனின் மானம் முற்றத்துக்குப் போய்விடும். கத்தாவிட்டால் பையின் மானம் போய்விடும். லேப்டாப்பை அவர் பக்கமாகத் தள்ளி, அந்த மூலை அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள்.

“படியில என்னங்க ஆச்சு?” என்றாள். அவ்வளவுதான்.

கேரண்டி கட்டடத்துக்காரரைப் பற்றி ஆரம்பித்தார். பெயின்ட் அடித்த நேரத்தைப் பற்றிச் சொன்னார். படிக்கட்டு கட்டிய கொத்தனார் வரைக்கும் போனார். அங்கிருந்து போக இடம் இல்லை. அண்ணி கண்ணை எடுக்கவில்லை.

“தப்பு என்னுதுதான்,” என்றார். “சும்மா கையிலதான் எடுத்துட்டு வந்தேன். திருப்பத்துல வழுக்கி, கம்பியில மோதி, கீழ வரைக்கும் உருண்டுச்சு. ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நினைச்சுப் பைக்குள்ள வச்சுட்டேன். பை மேல பழி வேண்டாம் மேடம்.”

மாஸ்டர் கையிலிருந்த கத்தரியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“லேப்டாப் பை விக்கிறவரு, பையில்லாம கொண்டு வந்தீங்களா?” என்று கேட்டார் மேடம்.

“அது கடைச் சரக்கு மேடம். விக்கிறதை நாங்க எடுக்கறதில்ல.”

மேடம் சிரித்தார். ஆனால் கைப்பையைக் கீழே வைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கலில் ஊறிய சிரிப்பு அது. புருஷனும் பெண்டாட்டியும் நன்றாகத்தான் நடிக்கிறீர்கள், பெயின்ட்கூடப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் எனக்கு இன்னும் ஒரு லேப்டாப் பிழைத்ததைக் கண்ணால் காட்டவில்லையே என்றார்.

“உங்களுதைக் குடுங்க,” என்றாள் அண்ணி.

கேரண்டி அவள் முந்தானையை இழுத்தார். அவள் உதறிக்கொண்டாள். உடைந்தால் புதிது வாங்கித் தருகிறோம், கூடவே இந்த அறையில் பிடித்த மிஷின் ஒன்றையும் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாள். “உடையலன்னா நாங்க சொன்ன விலை. பேரமே கிடையாது.”

அதைக் கேட்டதும்தான் மேடத்துக்கு உண்மையில் வலித்தது. லேப்டாப் உடைவதைத் தாங்கிக்கொள்ளலாம், பேரம் பேசாமல் எப்படி வீடு திரும்புவது? பேரம் கிடையாது என்கிற அந்த ஒன்றையே கொஞ்ச நேரம் பேரம் பேசிப் பார்த்தார். கடைசியில் சரக்கு அனுப்புகிற வண்டிச் செலவை அண்ணி தலையில் கட்டி, ஒருவாறு மனசு ஆறினார்.

இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. மேடம் தன் லேப்டாப்பை ஆன் பண்ணி எல்லோருக்கும் காட்டினார். தானே மூடி, தானே தொட்டிலில் இறக்கி, தானே ஜிப்பை இழுத்தார். பால்கனி வேண்டாம் என்றார். “அது எங்க விழுந்துச்சோ, அங்கயே.”

எல்லோரும் படிக்கட்டுக்கு வந்தார்கள். மேடம் பையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். விட்டார். பை கம்பியில் இடித்துத் துள்ளியது. சுவரில் மோதியது. படி படியாகக் குட்டிக்கரணம் போட்டு, திருப்பத்தில் ஒரு கணம் யோசித்து, மறுபடி உருண்டு, தெருவாசலில் போய் நின்றது. போகிற போக்கில் நெற்றியில் அகலமாக ஒரு பச்சைக் கோடு வாங்கிக்கொண்டது.

மேடம் இறங்கிப்போய், வாசற்படியிலேயே உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தார். பின்னால் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். மூடியைத் தூக்கினார். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது. அவர் விட்ட இடத்திலேயே எல்லாம் இருந்தது: மற்றக் கடைகள் பைக்குக் கேட்ட விலைப் பட்டியல்.

மேடம் படாரென்று மூடினார். ஆனால் பட்டியலைத் தலைகீழாகவும் படிக்கிற கண் கேரண்டியுடையது. ஒரே பார்வையில் மேலிருந்து கீழ்வரை போய்வந்துவிட்டது. அத்தனை பேரும் இவர்களைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார்.

“பேரம் கிடையாது,” என்றார் மேடம், பையை அணைத்துக்கொண்டு. “உங்க வீட்டம்மா போட்ட பேச்சு.”

மேலே போன மிஷின்காரர்கள் போர்வைகளை உதறுகிற சத்தம் கேட்டது. மாஸ்டர் யாரும் சொல்லாமலே மூலைகளுக்கு ஃபோம் வெட்ட ஆரம்பித்திருந்தார். அண்ணிக்கு அங்கேயே, தெருவாசலில், குதிக்கலாம்போல இருந்தது. கடைக்காரி என்பதால் குதிக்கவில்லை.

அண்ணியின் லேப்டாப்பைத் திறந்து பார்த்த ரிப்பேர்காரர் உள்பலகையே விரிசல் விட்டுவிட்டது என்று கைவிரித்தார். அவள் வரைந்த அளவுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள், ஜிப் கொண்டுவந்த வியாபாரியிடம் கேரண்டி அளந்துகொண்டிருந்தது வெட்டுமேஜை வரைக்கும் கேட்டது: “வேணும்னேதான்யா போட்டேன். இல்லன்னா அந்தம்மா தன்னோடதைக் குடுத்திருக்குமா? எல்லாம் கணக்குப் போட்டுச் செஞ்சது. கேரண்டி.”

அண்ணி துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்து மனசுக்குள் கூட்டினாள். வரவு: ஓடுகிற மிஷின்கள், போகாத மாஸ்டர், படியில் உருண்டும் தோற்காத ஒரு பை. செலவு: லேப்டாப் ஒன்று, வண்டி வாடகை, மாதிரிக்கு என்று சொல்லி மேடம் காசு கொடுக்காமல் கொண்டுபோன பச்சைக் கோட்டுப் பை. இதுவரை சரி. லேப்டாப்பைக் கொடுத்து வாங்கிய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் விற்றவரே திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். பாக்கி நிற்கிறது.