வலி உட்கார்ந்த நாற்காலி

கருத்தரிப்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவளின் வலி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு அவளை விட்டு இறங்கி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டது. அவள் எழுந்தாள், வலி எழவில்லை. பதினாலு வயதிலிருந்து மாதாமாதம் அவளைச் சுருட்டிப் போட்ட வலி அது. கருப்பைக்குள் வளர வேண்டிய சவ்வு வெளியே சினைப்பையிலும் குடலிலும் படர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க டாக்டர்களுக்குப் பதினாறு வருடம் பிடித்தது. அதற்குள் சினைமுட்டைகள் பெரும்பாலும் வீணாகியிருந்தன. ஊரார் கருக்களையெல்லாம் வளர்த்துக் கொடுத்தவளுக்குச் சொந்தக் கரு மூன்று முறை வைத்தும் தங்கவில்லை. "ஊருக்கெல்லாம் புள்ள செஞ்சு குடுக்குறா, வீட்டுக்கு ஒண்ணுக்கு வழியக் காணோம்" என்று மாமியார் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

இந்த நோய் முட்டையையும் கருத்தரிப்புச் சிகிச்சையையும் எப்படிக் கெடுக்கிறது என்று ஆராய அவள் எழுதிக் கொடுத்த திட்டத்தைத் துறைத்தலைவர் இரண்டு முறை நிராகரித்திருந்தார். "பொம்பளைங்கன்னா வலி இருக்கத்தாம்மா செய்யும், இதுல ஆராய என்ன இருக்கு?" மூன்றாவது முறை அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், பேச்சுவாக்கில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு நிமிடத்தில் தரையில் கிடந்தார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "மனசுல ஏதாவது கவலையா சார்?" என்று கேட்ட டாக்டரை அடிக்கப் போனார். அடுத்த வாரமே திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. ஆய்வாளர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது.

ஆறு வருடம் ஆய்வு நடந்தது. நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, முட்டைகளை முன்கூட்டியே எடுத்து உறையவைத்திருந்தால் பலர் தாயாகியிருக்கலாம் என்று முடிவு வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு. சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வரும் கணவர்கள் அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும் என்று விதி வந்தது. உட்கார்ந்தவர்களில் பலர் அதற்குப் பிறகு வீட்டில் பேச்சைக் குறைத்தார்கள். அவள் கணவன் மட்டும் கடைசிவரை உட்காரவில்லை. "முதுகு புடிச்சிருக்கு" என்றான்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க வந்த மாமியார், கால் கடுக்கிறதென்று அதில் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பார்த்து ஓடி வருவதற்குள் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மாமியார் முகம் சுளிக்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வலிக்கலையா?"

"இதுவா? தீட்டு நிக்கிற வரைக்கும் எனக்கு இது இருந்துச்சேம்மா. எல்லாருக்கும் இருக்கும்னு நெனச்சேன்." நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உம் புருஷனுக்கு அப்புறம் எனக்கும் ஒண்ணும் தங்கல. ஏன்னு யாரும் கேக்கல."

மருமகள் நோயாளிகளுக்கான புதுப் படிவம் ஒன்றை எடுத்து, வயது என்ற இடத்தில் எழுபத்தொன்று என்று எழுதினாள்.

"எப்ப ஆரம்பிச்சுது அத்தை?"

மாமியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.