கொடியில் ஒரு சட்டை

"இஸ்திரி மடிப்போட தொங்கவிட்டா எப்படி? கொஞ்சம் கசக்கிப் போடு. போட்டுக் கழட்டுன மாதிரி இருக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டுத் தையல்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். மனைவி சட்டையை இரண்டு கையாலும் கசக்கி, கூடத்துக் கொடியில் போட்டாள். அடியில் மடக்குக் கட்டில், தலையணை, ஒரு செம்புத் தண்ணீர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை தடபுடலாக நடந்துகொண்டிருந்தது.

சட்டை தையல்காரரின் அண்ணனுடையது. பதினெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவர், தெருவுக்குப் பட்டாளத்தார். இரண்டு வருஷமாகப் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தார். வீடில்லாத முன்னாள் வீரர்களுக்குக் குறைந்த வாடகையில் அறையும் வைத்தியமும் தருகிற திட்டம் வந்ததும் மனுப் போட்டார். மனுப் போட்டவருக்கு உண்மையிலேயே போக்கிடம் இல்லையா என்று குடும்பத்தாரிடம் விசாரிப்பார்கள். இரண்டு தடவை விசாரிக்க வந்தார்கள். இரண்டு தடவையும் தையல்காரர், "அண்ணன் எங்ககூடத்தான் இருக்கார். இப்பத்தான் கடைப் பக்கம் போனார்" என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு தடவையும் பட்டியலிலிருந்து அண்ணன் பெயரை அடித்துவிட்டார்கள்.

கெட்ட மனுஷர் இல்லை. மானத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான். மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தது. கூடத்தில் மாட்டியிருந்த அண்ணனின் சீருடைப் படத்தைப் பார்த்துத்தான் பிள்ளை வீட்டார், "நல்ல குடும்பம்" என்றார்கள். அந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டில் கிடக்கிறார் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடாதா?

இன்று மூன்றாவது விசாரணை. காலையிலேயே அண்ணன் வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"தம்பி, நான் வீட்டுல இருக்கேன்னு எவனோ எழுதிக் குடுத்திருக்கான்டா. ஆபீஸ்ல பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க. நீ கொஞ்சம் விசாரிச்சுப் பாரேன். இந்தக் குளிர் முன்ன மாதிரி ஒத்துக்கல."

தையல்காரரின் கண், பாழாய்ப்போன கண், டேப் வைக்காமலே அளவெடுத்தது. கழுத்தில் இரண்டு அங்குலம் குறைந்திருந்தது. மார்பில் நாலு. "உள்ள வாங்கண்ணே" என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. வாய்க்கு வரவில்லை. அண்ணன் இருமிக்கொண்டே போய்விட்டார்.

மத்தியானம் விசாரணை அம்மாள் வந்தார். கட்டிலைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

"இப்பத்தான் வெளிய போனாருங்க" என்றாள் மனைவி.

"சரி. இதுல கையெழுத்துப் போடுங்க. மூணாவது தடவை. இனிமே இந்தப் பேருக்கு மனு எடுக்க மாட்டோம்."

தையல்காரர் பேனாவை வாங்கினார். கொடியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். அண்ணன் ராணுவத்திலிருந்து திரும்பிய வாரம் அவரே ஆசையாகத் தைத்தது. இனி நாலு அங்குலம் பிடித்துத் தைத்தால்தான் அண்ணனுக்கு நிற்கும்.

"அவர் இங்க இல்லீங்க."

"என்னங்க!" என்றாள் மனைவி.

"பஸ் ஸ்டாண்டுல இருக்கார். ரெண்டு தடவையும் பொய் சொன்னது நான்தான்."

அந்த அம்மாள் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார்.

"நாப்பது அறை கட்டியிருக்கோம். முப்பத்தாறு பூட்டிக் கிடக்கு. வீடில்லாத பட்டாளத்துக்காரங்க இந்த ஊர்ல அநேகமா யாருமே இல்லைன்னு மேல எழுதிட்டாங்க. நான் போற வீட்டுல எல்லாம் கொடியில ஒரு சட்டை தொங்குது, சார். இவர் வெளிய கிடக்கறதுக்குக் காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"வீட்டார் வெளிய அனுப்பிட்டாங்கன்னு எழுதுங்க."

"நாம எங்க அனுப்பினோம்? யாராவது போன்னு சொன்னோமா?" மனைவிக்கு அழுகை வந்துவிட்டது.

உண்மைதான். யாரும் சொல்லவில்லை. தூக்கத்தில் அலறுகிறார் என்று கட்டிலைக் கூடத்திலிருந்து பின்கட்டுக்கு மாற்றினார்கள். அடுத்த வீட்டுக்காரர் முணுமுணுத்ததும் விறகுக் கொட்டகைக்கு. ஒரு நாள் காலையில் போர்வையை ராணுவ மடிப்பாக மடித்துவைத்துவிட்டு அவரே போய்விட்டார்.

"போன்னு சொல்லல. இருங்கன்னும் சொல்லல" என்றார் தையல்காரர். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே அறை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனதும், மனைவி சட்டையை உருவப் போனாள். "அது இருக்கட்டும்" என்று தையல்காரர் தானே எடுத்து, தையல் மெஷினில் பக்கங்களைப் பிடித்து, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

கடைசி பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"அறை கிடைச்சிடுச்சுண்ணே."

"அப்படியா! அந்தப் பொய் சொன்னவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

"நான்தாண்ணே."

ஒரு பஸ் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறகு அண்ணன் பக்கத்திலிருந்த தம் மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.

"நிக்காதடா. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. உக்காரு."