துரையின் புரட்டாசி

புரட்டாசி பிறந்த காலையில் என் மனைவி கலாதேவி வீட்டைக் கழுவினாள். அவள் கழுவிய கழுவலில் ஈப்போ ஊர் முழுக்கக் குழாய்த் தண்ணீர் மெலிந்துபோயிற்று. சட்டி மாறியது, கரண்டி மாறியது, நெத்திலிப் பொட்டலம் பக்கத்து வீட்டுச் சீனருக்குப் போயிற்று. கடைசியில் அவள் பார்வை என் கண்ணாடித் தொட்டியில் வந்து நின்றது.

"ஏங்க, துரைக்கு என்னத்த போடுறீங்க?"

துரை எங்கள் சிங்கி இறால். கடல் சிங்கி இல்லை, குளத்தில் வளரும் நன்னீர்ச் சாதி. நீல உடம்பு, கொடுக்கின் ஓரத்தில் சிவப்புப் பட்டை. ரப்பர்த் தோட்டத்து மேனேஜரைத் துரை என்போமே, அவரைப்போலவே எல்லாவற்றையும் மேற்பார்வை பார்க்கும் நடை. ஒருமுறை கொடுக்கை விரித்துக் காட்டினான். எங்கள் தெருப் பூனை தூரத்துத் தெலுக் இந்தானுக்கே குடிபெயர்ந்துவிட்டது.

"பெல்லட்தான். மீன் தூளுல உருட்டுனது" என்றேன்.

"மீனா! இந்த மாசம் வீட்டுக்குள்ள அந்த வாடையே ஆகாது. அவனும் சைவமா இருந்தா இருக்கட்டும். இல்லாட்டி கோப்பெங்குக்கு அனுப்பிருங்க."

கோப்பெங்கில் இருப்பவன் அலெக்சாண்டர். நானும் அவனும் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே கம்பெனி பஸ்ஸை ஓட்டித் தேய்ந்தவர்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் குட்டை வெட்டிச் சிங்கி வளர்க்கிறான். துரையைக் கொடுத்தவனும் அவன்தான். போனில் விஷயத்தைச் சொன்னதும் அவன் குரலிலேயே எண்ணெய் காய்ந்துவிட்டது.

"கொண்டா மச்சான். பெல்லட் இல்லாம அது தாங்காதுலா. வீணா சாகுறதுக்கு மிளகாய்ச் சம்பாலுக்காவது ஆகட்டும்."

துரையை வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் மன்றாடப் போனேன். அலெக்சாண்டர் பின்கட்டில் உட்கார்ந்து மதியச் சமையலுக்குச் சிங்கி சுத்தம் செய்துகொண்டிருந்தான். தலைக்குள்ளிருந்து சிறு பை ஒன்றை உருவி எறியப்போனான்.

"என்னடா அது?"

"வயிறு. தலைக்குள்ளதான் இருக்கும். உனக்குத் தலைக்குள்ள ஒண்ணுமே இல்லேன்னா எல்லாருக்கும் அப்படியா?"

கத்தியால் அதைக் கீறிக் காட்டினான். உள்ளே பழுப்பு நிறத்தில் மூன்று பற்கள்! வாயில் இல்லை, வயிற்றில். இருபக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று, அம்மியும் குழவியும் போல. பல்செட் போட்டுக்கொண்டு முறுக்கோடு மல்லுக்கட்டும் எனக்குப் பொறாமையில் கண் கலங்கிவிட்டது. அந்தப் பற்களுக்கிடையே துவையல் மாதிரி ஏதோ அரைபட்டுக் கிடந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். இலை நார்.

குட்டைக்கு மேலே கெத்தாப்பாங் என்கிற நாட்டுவாதுமை மரம் காய்ந்த இலைகளை உதிர்த்துக்கொண்டு நின்றது.

"டேய், நீ பெல்லட் போடுறே, இவனுங்க மரத்தைத் தின்னுறானுங்க! என் துரையும் பிழைப்பான். புரட்டாசி முடியுற வரைக்கும் விடு. இளைச்சா நீயே எடுத்துக்க."

"சரி. பக்கெட்டைக் கழுவி வைக்கிறேன்."

ஒரு மூட்டை இலையோடு வீடு திரும்பினேன். ஊறி மெதுவான இலையைப் போட்டதும் துரை அதைக் கைகளால் பிடித்து, லேஸ் பின்னுவதுபோல் நரம்பை மட்டும் விட்டுச் சுரண்டினான். கங்கோங் கீரை, பூசணித்தோல், கோயிலில் சாப்பிட்ட வாழையிலை என்று எதையும் விடவில்லை. கைப்பேசியில் தேடிப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. மாடு புல்லைச் செரிக்க வேண்டுமானால் வயிற்றுக்குள் கோடிக்கணக்கான கிருமிகளைக் குடிவைத்துச் சோறு போட வேண்டும். துரைக்குக் கூலியாட்களை நம்பிப் பிழைப்பில்லை. நாரைக் கரைக்கும் சாற்றை அவன் உடம்பே சொந்தமாகக் காய்ச்சுகிறது! அரைத்து, கரைத்து, மயிர்ச் சல்லடையில் வடிகட்டி, பொடிசானதை மட்டுமே உள்ளே அனுப்புகிறான். ஈப்போவில் எந்த மாவு மில்லிலும் இந்த ஒழுங்கு கிடையாது. விட்டால் எங்கள் சாப்பாட்டு மேசையையும் செரித்திருப்பான்.

"சாமி பிள்ளைங்க இவன், கீரையைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிடுறான்" என்று கலாதேவியே உருகினாள்.

மாதக் கடைசியில் துரை திடீரென்று சாப்பாட்டை நிறுத்தினான். ஒளிந்துகொள்ளத் தொட்டியில் போட்டிருந்த குழாய்த் துண்டுக்குள் புகுந்து முகத்தைக் காட்டவில்லை. கடைசிச் சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால், தொட்டி நடுவே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். அசைவில்லை.

கலாதேவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "என் விரதம் ஒரு வாயில்லா ஜீவனைக் கொன்னுருச்சே!" என்று அழுதபடி, அவனை எடுத்து மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செம்பருத்திச் செடியின் கீழ் புதைத்தாள். நான் குழியில் கெத்தாப்பாங் இலை ஒன்றை வைத்தேன், வழிச் சாப்பாட்டுக்கு.

அந்த நேரம் பார்த்து அலெக்சாண்டர் பக்கெட்டோடு வந்து இறங்கினான்.

"பொதைச்சிட்டீங்களா? தங்கச்சி, தூக்குறப்ப கனமா இருந்துச்சா?"

கலாதேவி யோசித்தாள். "இல்லண்ணே. அப்பளம் மாதிரி இருந்துச்சு."

அவன் சிரித்துக்கொண்டே மண்ணைக் கிளறி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். வெறும் ஓடு. தலைக்குள் அந்த மூன்று பற்களும் தொங்கின.

"சட்டை உரிச்சிருக்கான்லா! வயித்துத் தோலு, பல்லு எல்லாத்தையும் சேத்துக் கழட்டிட்டுப் புதுசு போட்டுக்குவான். அதான் சாப்பிடல."

பல்செட்டைக் கழற்றிவைக்கும் இனத்தில் நான் தனியாள் இல்லை! ஓடிப்போய்க் குழாய்க்குள் டார்ச் அடித்தேன். துரை பளபளவென்று, பழைய ஓட்டைவிடப் பெரிதாக உட்கார்ந்திருந்தான். ஒரு முழம் வளர்ந்திருந்தான் என்று சொன்னால் கலாதேவி முறைப்பாள். அரை முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கீரை தின்னே வளந்திருக்கான். எடு உன் பக்கெட்டை" என்றேன்.

"இரு மச்சான், அந்த ஓட்டை உள்ள போடு. அதைத் தின்னாத்தான் புது ஓடு சீக்கிரம் கெட்டியாகும்."

நான் மெதுவாக மனைவியைப் பார்த்தேன். புரட்டாசி இன்னும் முடியவில்லை. ஓடு சைவமா, அசைவமா? கலாதேவி செம்பருத்தியைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு ஓட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோய் மண், மஞ்சள், பொட்டு எல்லாம் போகக் கழுவி, தன் கையாலேயே தொட்டிக்குள் இறக்கினாள்.

"அவன் சட்டை. அவன் கிழிச்சாலும் தின்னாலும் நமக்கு என்ன?"

கொஞ்ச நேரத்தில் குழாய்க்குள்ளிருந்து மெத்தென்ற ஒரு கொடுக்கு நீண்டு ஓட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

"அண்ணே, சாப்பிட்டுப் போங்க" என்றாள் கலாதேவி. "முருங்கைக்கீரைதான்."

அலெக்சாண்டர் பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேலேயே உட்கார்ந்தான்.